பூட்டியவன் யார்?

மார்ச் மாதக் கடைசியில் எந்த ஆடிட்டர் அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் தலை நிமிர்ந்து முகம் பார்க்க ஆளிருக்காது. நமக்குப் பழக்கமான அப்படியோர் அலுவலகத்தில், ஒரு திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்ட பெண், "சார், டேலி திறக்க மாட்டேங்குது" என்றார். கணக்கு எழுதும் டேலி மட்டுமா? எக்செல் கணக்குகள், ஸ்கேன் செய்து வைத்த பத்திரங்கள் என்று எல்லா ஃபைலின் வாலிலும் புரியாத நாலைந்து எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கூடவே புதிதாக ஒரு நோட்பேட் ஃபைல். ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், பணம் கட்டு, சாவி தருகிறோம் என்று அதில் இருந்தது.

சர்வீஸ் தம்பி வந்து பார்த்தார். "வைரஸ் சார். ஃபார்மட் அடிச்சிரலாம்." மதியத்துக்குள் அடித்தும் விட்டார். பென் டிரைவில் கிடந்த ஜனவரி மாத பேக்கப்பை ஏற்றி, மீதிக் கணக்கை பில் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் மறுபடி தட்டினார்கள். போலீசுக்குப் போகவில்லையா என்று கேட்டதற்கு ஆடிட்டர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வைரசுக்கெல்லாமா போலீஸ்?"

அதே அலுவலகத்தின் பூட்டை உடைத்து எவனோ பீரோவைத் தூக்கிப்போய், 'பணம் கொடு, திருப்பித் தருகிறேன்' என்று சீட்டு எழுதி வைத்திருந்தால்? கைரேகை எடுக்க ஆள் வரும்வரை ஒருவரும் உள்ளே போகாதீர்கள் என்று அவரே வாசலில் நின்று தடுத்திருப்பார். வைரஸ் என்ற பெயர்தான் நம்மைக் கெடுக்கிறது. ஐப்பசி மழைக்கு வரும் காய்ச்சல் மாதிரி வந்தது, போனது என்று விட்டுவிடுகிறோம். காய்ச்சலை யாரும் அனுப்பி வைப்பதில்லை. இதை ஒருவன் உட்கார்ந்து எழுதி, விலை வைத்து அனுப்புகிறான்.

2022 நவம்பர் 23 காலையில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு நடந்ததும் இதே பூட்டுதான். ஐந்து சர்வர்கள், 1.3 டெராபைட் தகவல். புறநோயாளிச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, பில் என்று எல்லாமே பேனாவுக்குத் திரும்பின. சுமார் இரண்டு வாரம் அந்த அவதி நீடித்தது. வேறொரு சர்வரில் பிரதி பத்திரமாக இருந்ததால் தகவல்கள் தப்பின. மிரட்டிப் பணம் பறித்தல், சைபர் பயங்கரவாதம் என்று டெல்லி போலீஸ் வழக்குப் பதிந்தது. நெட்வொர்க்கை ஒழுங்காகப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்காததே தாக்கியவர்களுக்கு வழிவிட்டது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டது. நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிக்கே இந்தக் கதி என்பது வேறு விஷயம். ஆனால் அங்கே இதைக் குற்றம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆடிட்டர் அலுவலகம், ரைஸ் மில், பத்திர எழுத்தர் கடை என்று வந்துவிட்டால் அது வெறும் ரிப்பேர்.

பழைய கதை ஒன்று உண்டு. 2000 மே 4 அன்று உலகம் முழுக்க மெயில் பெட்டிகளில் 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு ஒரு காதல் கடிதம் வந்து விழுந்தது. திறந்தவர்களின் போட்டோக்கள் அழிந்தன. அவர்கள் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அதே கடிதம் பறந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே மெயிலை நிறுத்தி வைத்தது. தடம் பிடித்துப் போனால், மணிலாவில் ஒனெல் டி குஸ்மான் என்ற கல்லூரி மாணவர். இன்டர்நெட் பாஸ்வேர்டு திருடும் வழியையே அவர் புராஜெக்டாகக் கொடுக்க, கல்லூரி அதை ஏற்க மறுத்திருந்தது. ஆனால் பிலிப்பைன்சில் அப்போது இந்தக் குற்றத்துக்குச் சட்டமே இல்லை. அடுத்த மாதம் அவசரமாகச் சட்டம் போட்டார்கள். முன் தேதியிட்டுத் தண்டிக்க முடியுமா? வழக்கு கைவிடப்பட்டது. மணிலாவில் செல்போன் ரிப்பேர் கடை நடத்திக்கொண்டிருந்த அவர், நான்தான் எழுதினேன் என்று ஒரு பத்திரிகையாளரிடம் ஒப்புக்கொண்டது 2020-ல் வெளிவந்தது.

அங்கே ஆள் கிடைத்தும் சட்டம் இல்லை. இங்கே அதே 2000-ல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் இருக்கிறது. தீய நோக்கோடு வைரசைப் புகுத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இல்லாதது புகார்தான்.

ஏன் புகார் கொடுப்பதில்லை? வெளியே தெரிந்தால் கிளையன்ட் போய்விடுவார் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்: அந்த கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோசும் டேலியும் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. போலீசைக் கூப்பிட்டால் அது முதலில் தெரிந்துவிடுமே! இந்த கிராக் சாஃப்ட்வேர் வழியாகவே, ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் பல ரான்சம்வேர்கள் உள்ளே வருகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. போலீஸ் தரப்பிலும் குறை உண்டு. 'எவ்வளவு பணம் போச்சு?' என்பதே முதல் கேள்வி. பணம் போகவில்லை, ஃபைல்தான் போச்சு என்றால் பேனாவை மூடிவிடுகிறார்கள். மாவட்டந்தோறும் சைபர் க்ரைம் காவல் நிலையம் திறந்த மாநில அரசு, பணம் போகாத புகாரையும் பதிவு செய்யச் சொல்லி உத்தரவு போட வேண்டும்.

ஆள் எங்கோ வெளிநாட்டில், எப்படிப் பிடிப்பது என்று கேட்கலாம். லாக்பிட் என்ற பெரிய ரான்சம்வேர் கும்பலின் தளத்தை 2024 பிப்ரவரியில் பிரிட்டன், அமெரிக்கா உட்பட பல நாட்டுப் போலீசார் சேர்ந்து கைப்பற்றினார்கள். கும்பல் தலைவன் என்று ஒரு ரஷ்யரின் பெயரையும் மே மாதம் அறிவித்தார்கள். பணம் கட்டியவர்களிடம் திருடிய தகவல்களைக்கூட அந்தக் கும்பல் அழிக்காமல் வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. 7,000-க்கு மேற்பட்ட சாவிகள் தங்களிடம் இருப்பதாகவும், பாதிக்கப்பட்டவர்கள் தொடர்புகொள்ளலாம் என்றும் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அந்த ஜூனில் அறிவித்தது. பூட்டிய ஃபைல்களை அப்படியே பாதுகாத்து வைத்திருந்தவர்களுக்குத்தான் அந்தச் சாவியால் பயன். ஃபார்மட் அடித்தவர்களுக்குத் திறக்க என்ன இருக்கிறது?

நாளை உங்கள் திரையில் அந்த நோட்பேட் தெரிந்தால், நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். திரையைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டு சைபர் க்ரைம் நிலையத்துக்குப் போங்கள். ஏற்கெனவே பணம் கட்டித் தொலைத்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். சர்வீஸ் தம்பியையும் கூப்பிடுங்கள். புது ஹார்ட் டிஸ்க் போடச் சொல்லுங்கள், பழையதைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள்.