சோளத்தை வாங்குவது யார்?

கொல்லிமலையின் அடிவாரத்துப் பேளுக்குறிச்சியை அதன் சனிக்கிழமைச் சந்தையால் அறிந்தவர்கள், சீரகமும் கடுகும் வெந்தயமும் குவிந்து கிடக்கும் அந்த வியாபாரத்தின் மணத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். ஆனால் அவ்வூரைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக விளைந்து, மனிதருக்குச் சோறாகவும் களியாகவும் மாட்டுக்குத் தட்டாகவும் பயன்பட்ட சோளம், இன்று பெரும்பாலும் தட்டுக்காகவே விதைக்கப்படும் நிலைக்குத் தாழ்ந்துவிட்டதைப் பற்றி விசாரப்படுகிறவர்கள் அதிகமில்லை. ஜனங்களின் நாக்கு அரிசிக்கு மாறியதே காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம்; அது பாதி உண்மைதான். நாமக்கல் கோழிப் பண்ணைகளின் தீவனத்துக்காக மக்காச்சோளமும், சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளியும் இப்பிரதேசத்தில் பரவின. மலைமேலும் சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் மரவள்ளி ஏறியது. அவை மண்ணுக்கு உகந்தவையா என்பதைவிட, அறுவடையன்று வாங்க ஆள் உண்டா என்பதே விவசாயியின் முதற்கேள்வியாக இருந்தது. அவனைக் குறைசொல்ல நமக்கு அதிகாரமில்லை.

இதே சோளம் சீன தேசத்தில் அடைந்திருக்கும் கீர்த்தியைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. குய்சோ மாகாணத்தில், சிஷுயி நதிக்கரையிலுள்ள மாவ்தாய் என்னும் ஊரில், வேகவைத்த சோளத்தோடு கோதுமையில் வளர்த்த நொதிப்பொருளைக் கலந்து, நீர்த்த ஊறலாக அன்றி ஈரத் தானியமாகவே கற்குழிகளில் மூடிப் புளிக்கவைத்து, அதனூடே ஆவியைச் செலுத்திச் சாராயம் இறக்குகிறார்கள். ஓராண்டுக்குள் ஒன்பது முறை வேகவைத்தும், எட்டு முறை புளிக்கவைத்தும், ஏழு முறை வடித்தும் முடிக்கும் அந்தப் பிரயாசைக்குப் பிறகும், அதை ஜாடிகளில் ஆண்டுக்கணக்கில் முதிரவிட்டே விற்பனைக்கு அனுப்புகிறார்கள். 1972இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் பீகிங் வந்தபோது சௌ என்லாய் உயர்த்திய கிண்ணத்தில் இருந்தது இதுவே. தொழிலின் நுட்பத்தை மதிக்காமலிருக்க முடியாது.

ஆனால் நமது விஷயத்துக்கு மாவ்தாயைவிடக் கின்மென் தீவே அதிகம் போதிக்கிறது. சீனக் கரையை ஒட்டியிருந்தும் தைவானின் ஆட்சிக்கு உட்பட்ட அத்தீவு, மண்வளம் குன்றி, காற்று ஓயாமல் அடித்து, நெல்லுக்கு உதவாத நிலம். அங்கே 1952இல் ஹூ லியன் என்ற சேனாதிபதி சோளச் சாராய ஆலையைத் தொடங்கியபோது, தீவின் குடியானவர்களுக்கு ஓர் ஏற்பாடு செய்தார்: எத்தனை எடை சோளம் கொண்டுவருகிறார்களோ, அத்தனை எடை அரிசி அவர்களுக்குக் கிடைக்கும். தரிசாகக் கிடந்த காடுகளெல்லாம் சோளமாக மாறின. ஆலையில் எஞ்சிய சக்கை மாட்டுக்குத் தீனியாயிற்று. அத்தீவின் சோளத்தை வாழவைத்தது சாராயம் என்று சொல்வார்கள்; எடைக்கு எடை அரிசி தருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி தந்த கைதான் வாழவைத்தது என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் நாமும் சோளத்தை வடித்தாலென்ன என்று கேட்பவர்கள் மகாராஷ்டிரத்தைப் பார்க்க வேண்டும். 2007இல் அந்த ராஜ்ய சர்க்கார், சோளம், கம்பு, மக்காச்சோளம் முதலியவற்றிலிருந்து மதுசாரம் தயாரிக்கும் ஆலைகளுக்கு லிட்டருக்கு 10 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. விவசாயிக்கு விலை கிடைக்கும் என்பது சொல்லப்பட்ட நியாயம். மானியத்தின் அளவுகோலோ குவிண்டால் தானியம் அல்ல, லிட்டர் சாராயம். ஆகவே அது ஆலைக்காரரிடம் போய்ச் சேர்ந்ததே தவிர, களத்துமேட்டுக்கு வரவேண்டிய அவசியமே அதன் அமைப்பில் இல்லை. கட்சிரோலியில் மதுவுக்கு எதிராகப் பாடுபட்ட வைத்தியர் அபய் பங் போன்றவர்கள் அதை எதிர்த்தது நியாயமே.

நமக்கோ இன்னும் அணுக்கமான அனுபவம் உண்டு. திருச்செங்கோட்டுக்கு அருகில் 1925இல் காந்தி ஆசிரமம் நிறுவி, 1929இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ பத்திரிகையை ஆரம்பித்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் அமல்படுத்தியது, பேளுக்குறிச்சி அன்று அடங்கியிருந்த சேலம் ஜில்லாவில்தான். அந்த மதுவிலக்கு நிலைக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் குடியானவனிடம் தானியத்தை வாங்கிய பணத்தையே அவன் வீட்டிலிருந்து சாராயக் கடை வழியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வியாபாரம் அவனுக்கு லாபமாகாது என்ற அவருடைய தரப்புக் கணக்கு இன்றுவரை பொய்க்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகும் இதை வாதித்து நிறுவ வேண்டியிருப்பது வேதனை தருகிறது.

கின்மெனின் உபாயத்தைச் சாராயம் இல்லாமலே கைக்கொள்ள வழி இருக்கிறது. தொடக்கமும் நம்மிடமே நடந்திருக்கிறது. 2023 மே மாதத்தில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்காகக் கேழ்வரகை விவசாயிகளிடமிருந்து நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரே கொள்முதல் செய்தது. சோளத்துக்கும் மத்திய சர்க்கார் ஆண்டுதோறும் ஆதரவு விலை அறிவிக்கிறது; 2024-25 பருவத்தில் ஒட்டுரகச் சோளத்துக்குக் குவிண்டாலுக்கு 3,371 ரூபாய். கொள்முதல் நிலையம் இல்லாத ஊரில் அந்த விலை காகிதத்தில் மட்டுமே இருக்கும். நெல்லுக்குத் தஞ்சையில் திறக்கும் நிலையத்தைப் போன்ற ஒன்றைப் பேளுக்குறிச்சியிலும் திறந்து, வாங்கிய சோளத்தை நாமக்கல் மாவட்டத்து ரேஷன் கடைகளுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் சத்துணவுக் கூடங்களுக்கும் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பு அறுவடைக்குப் பின் வந்தால் பயனில்லை. எந்த விதையை எடுப்பது என்று குடியானவன் நிச்சயிக்கும் ஆடி மாதத்துக்கு முன்பே வரவேண்டும்.