பழைய இரும்புக்குப் போகிற லென்ஸும் லீசிங்கில் வருகிற லென்ஸும்



கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுத் திட்டாதீர்கள்.

போன கிழமை நாங்கள் ஒரு படம் போட்டிருந்தோம். மருதமுனையில் தறியில் இருக்கும் ஒரு வயதான உம்மா. அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் எடுத்தோம், போட்டோம். படத்துக்குக் கீழே எந்த லென்ஸில் எடுத்தது என்றும் எழுதினோம்: ஹீலியோஸ் 44-2, சோவியத் காலத்து லென்ஸ். அவ்வளவுதான். "சேர்மாருக்குச் சம்பளம் போதல்ல போல, இரும்புக்கடையில லென்ஸ் பொறுக்குறாங்க" என்று ஒரு தம்பி. "நல்ல லென்ஸ் இல்லாட்டி படம் எடுக்கிற வேலைய உட்டுடுங்க" என்று இன்னொரு தம்பி. "புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிற நேரத்தில இது என்ன விளையாட்டு?" என்று ஒரு காக்கா. மூன்றுக்கும் பதில் இருக்கிறது.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறோம். கல்வியியற் கல்லூரியில் ஒன்றாகப் படித்த மூன்று ஆசிரியர்கள். சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு கடற்கரை, வயல், சந்தை என்று கமராவோடு போவோம். கலியாண வீட்டுக்குப் படம் எடுப்பதில்லை. ஒரு சல்லி சம்பாதித்ததில்லை. எங்களிடம் இருப்பது ஒரு பழைய நிக்கோன் டி3200, ஒரு கெனன், கைமாறி வந்த ஒரு சொனி ஏ6000. ஆகவே யாருடைய தொழிலுக்கும் நாங்கள் போட்டியில்லை.

இனி "இரும்பு" விசயத்துக்கு வருவோம்.

லென்ஸ் என்பது, சாதாரண தர விஞ்ஞானத்தில் நாங்கள் படிப்பித்துக்கொண்டிருக்கிற அதே வில்லைதான். ஒளியை வளைத்து ஓரிடத்தில் குவிப்பதுதான் அதன் வேலை. கண்ணாடிக்கு வயது போவதில்லை. 58 மில்லிமீற்றர் குவியத் தூரம் ஐம்பது வருசத்துக்கு முன்பும் 58 தான், இன்றும் 58 தான். அந்த ஹீலியோஸே ஜேர்மனியின் ஸைஸ் நிறுவனம் செய்த பயோட்டார் என்ற லென்ஸைப் பார்த்துச் செய்யப்பட்டது. அதைப் பொறுக்கி எடுப்பதில் எங்களுக்கு வெட்கமில்லை.

பழைய லென்ஸைப் புதுக் கமராவில் மாட்டுவது மந்திரமும் இல்லை. ஒவ்வொரு கமராவிலும் லென்ஸ் பூட்டும் வாயிலிருந்து சென்சர் வரைக்கும் ஒரு கணக்கான தூரம் இருக்கிறது. ஹீலியோஸின் எம்42 திருகுக்கு அது 45.46 மில்லிமீற்றர். சொனியில் 18 மட்டும்தான். இடையில் உள்ள 27.46 மில்லிமீற்றரை ஒரு வெறும் உலோக வளையத்தால் நிரப்பினால் முடிந்தது. கெனன் டி.எஸ்.எல்.ஆரில் அது 44, ஒன்றரை மில்லிமீற்றர் வளையமே போதும். நிக்கோனில் 46.5. அதாவது லென்ஸுக்குத் தேவையானதை விட ஏற்கெனவே அதிகம். வளையத்தை எப்படிப் போட்டாலும் லென்ஸ் தூரத்தில்தான் நிற்கும், கிட்ட இருப்பது மட்டும்தான் தெளியும். இந்தக் கணக்குத் தெரியாமல் நிக்கோனுக்கு ஒரு வளையம் வாங்கி, கடற்கரையில் நின்று தோணி தெளியவில்லையே என்று ஒரு காலை முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்களும் நாங்கள்தான். சல்லி போனது. ஆனால் வில்லைப் பாடத்தை நாங்கள் உண்மையில் படித்தது அன்றைக்குத்தான். அடுத்த கிழமை வகுப்பில் அதே வளையத்தைக் காட்டி அந்தப் பாடத்தை நடத்தினோம். "இது என்ன விளையாட்டு" என்று கேட்ட காக்காவுக்கு இதுவே பதில்.

இப்னு ஹைதமைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "கமராவைக் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம்" என்று ஊரில் பாதிப் பேர் ஷெயார் பண்ணுகிறோம். அவர் கமராவைக் கண்டுபிடிக்கவில்லை. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து, ஏறக்குறைய ஆயிரம் வருசங்களுக்கு முன் கிதாபுல் மனாழிரை எழுதியவர். சிறு துவாரத்தால் இருட்டறைக்குள் ஒளி எப்படிப் போகிறது என்று விளக்கை வைத்து, மறைத்து, திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தவர். அவருடைய பெருமை அந்தச் சோதனையில்தான் இருக்கிறது. அவரைப் பற்றிய பதிவுக்கு "மாஷா அல்லாஹ்" போடுகிற நாம், ஒரு பிள்ளை வீட்டில் பழைய பைனாகுலரைக் கழற்றினால் காதைத் திருகுகிறோம்.

இப்போது "நல்ல லென்ஸ்" சொன்ன தம்பிக்கு.

நாங்கள் புதியதை வெறுப்பவர்கள் இல்லை. தெரிந்த ஒருவரிடம் புது 50 மில்லிமீற்றர் எஃப்1.8 ஒன்றை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கினோம். அதே தறி, அதே யன்னல் வெளிச்சம். கமராவோடு வந்த 18-55, அந்தப் புதுசு, ஹீலியோஸ் என்று மூன்றிலும் எடுத்தோம். உண்மையைச் சொல்கிறோம்: கூர்மையில் புதுசுதான் வென்றது. தானாகக் குவிக்கிறது, வெயில் நேரே அடித்தாலும் படம் வெளுப்பதில்லை. ஓடுகிற பிள்ளையை எடுக்க வேண்டுமென்றால் ஹீலியோஸோடு போகாதீர்கள், கையால் திருகி முடிக்கும்போது பிள்ளை அடுத்த தெருவில் இருக்கும். கலியாணத்துக்கு எடுப்பவர்களுக்குப் புது லென்ஸ் தேவை. அது அவர்களின் மண்வெட்டி. அதில் எங்களுக்குப் பேச்சில்லை.

ஆனால் மூன்றையும் அச்சடித்து, எது எதில் எடுத்தது என்று சொல்லாமல் அந்த உம்மாவிடமே கொடுத்தோம். அவர் ஹீலியோஸ் படத்தை எடுத்தார். பின்னால் தொங்கிய நூல்கள் சுழன்று கரைந்து முகம் மட்டும் நிற்கிறது. "இதுலதான் நான் இருக்கன்" என்றார். இதை வைத்துப் பழசுதான் சிறந்தது என்று வாதாட வரவில்லை. எந்த லென்ஸ் என்று அவர் கேட்கவே இல்லை, அதைத்தான் சொல்கிறோம். அதைக் கேட்பது படம் எடுப்பவர்கள் மட்டும்தான்.

எங்களுக்குக் கோபம் வருகிற இடம் வேறு. எங்களிடம் படித்த ஒரு பையன். உயர்தரம் எழுதிவிட்டு, படம் எடுப்பதில் ஆசைப்பட்டான். கையும் நல்ல கை. ஆனால் குழுக்களில் அண்ணன்மார் அவனுக்குச் சொன்னதெல்லாம் "ஃபுல் ஃபிரேம் இல்லாட்டி வேலைக்கு ஆகாது, அந்த லென்ஸ் இல்லாட்டி யாரும் கூப்பிடமாட்டாங்க" என்பதுதான். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஐத் தாண்டிய பிறகு கமரா விலை எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும். அவன் தவணைக்கு எடுத்தான். எட்டு மாதத்தில் நாலு கலியாணம் கிடைத்தது. உம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. கடைசியில் கமராவும் போனது. இன்றைக்கு அவன் படமே எடுப்பதில்லை, போனில் கூட. சிரித்துச் சிரித்து, சீண்டிச் சீண்டி, அந்தக் கடனில் அவனைத் தள்ளியதில் இந்தக் கொமெண்ட் கூட்டத்துக்கும் பங்கிருக்கிறது. ஆசிரியர்கள் என்ற முறையில் எங்களுக்கும் பங்கிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, இருக்கிறதை வைத்து ஒரு வருசம் எடு" என்று சொல்ல அன்று நாங்கள் இருக்கவில்லை.

இனி உண்மையான விசயம். இதற்காகத்தான் இவ்வளவு எழுதினோம்.

பக்கத்து ஊரில் ஒரு பழைய ஸ்டூடியோவை மூடினார்கள். சாமான்கள் பழைய இரும்புக்கும் போத்தல்காரருக்கும் போனது. நாங்கள் கேள்விப்பட்டுப் போவதற்குள் பெரும்பகுதி முடிந்துவிட்டது. மிஞ்சியதில் படம் பெருப்பிக்கிற இயந்திரத்தின் சின்ன லென்ஸ் ஒன்றும், ஈரத்தில் ஒட்டிப்போன நெகட்டிவ் பெட்டிகள் இரண்டும் கிடைத்தன.

அந்தச் சின்ன லென்ஸ் தட்டையான ஒரு பொருளை ஓரம் வரைக்கும் தெளிவாகக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. அதன் 39 மில்லிமீற்றர் திருகுக்கு ஒரு வளையம், நடுவில் நீட்டல் குழாய்கள், பின்னால் சொனி. கீழே டெப்லட்டில் வெள்ளைத் திரை, அதன் மேலே சற்று உயரத்தில் ஒரு பால் நிறப் பிளாஸ்ரிக் தகடு, அதன் மேலே நெகட்டிவ். படம் எடுத்துக் கணினியில் நிறத்தைத் திருப்பினால், கறுப்புக்குள்ளிருந்து ஒரு முகம் எழும்பி வருகிறது. இதே வேலைக்கென்று விற்கிற புது மெக்ரோ லென்ஸின் விலை எங்கள் சம்பளத்துக்கு எட்டாது. இரும்புக்கடைக்குப் போக இருந்த லென்ஸ் அதைச் செய்தது.

2004 டிசம்பர் 26 ஐ இந்தக் கரையில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. எத்தனை வீட்டில் அல்பம் ஒன்றும் மிஞ்சவில்லை? எங்கள் மூவரில் ஒருவரின் வீட்டில் உம்மம்மாவின் முகம் இன்று இருப்பது, ஒரு ஸ்டூடியோக்காரர் தூக்கி எறியாமல் வைத்திருந்த ஒரேயொரு அடையாள அட்டை நெகட்டிவால்தான். நாங்கள் எடுத்த இரண்டு பெட்டிகளில் இதுவரை பிரித்தெடுக்க முடிந்தவற்றில் கலியாண மாப்பிள்ளைகள், பாடசாலைக் குழுப்படங்கள், பாஸ்போட்டுக்கு எடுத்த முகங்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் வாப்பா, யாரோ ஒருவரின் ராத்தா. மற்றப் பெட்டிகள் எங்கே என்று கேட்காதீர்கள். மழையில் போயிருக்கும்.

ஆகவே இரும்பு பொறுக்குகிறோம் என்று சொன்ன தம்பி, ஆமாம், பொறுக்குகிறோம். பிந்திவிட்டோம் என்பதுதான் எங்கள் கவலை.

எங்கள் குற்றத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பழைய லென்ஸிலும் ஒரு நோய் இருக்கிறது. ஒரு வருசத்தில் ஐந்து லென்ஸ் வாங்கினோம். எடுத்த படங்களை விட லென்ஸைப் பற்றிப் பேசிய பேச்சு அதிகம். அதில் ஒன்றுக்குள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் படர்ந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் கண்டோம். எங்கள் உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் லென்ஸ் அப்படித்தான். வாங்குமுன் டோர்ச் வெளிச்சத்தைப் பின்பக்கத்தால் அடித்துப் பாருங்கள். வாங்கினால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். "அபூர்வம்" என்று எழுதி நாலு மடங்கு விலை சொல்பவரிடம் வாங்காதீர்கள். கடனில் புதுசு வாங்குவதும் வெறியில் பழசு சேர்ப்பதும் ஒரே நோயின் இரண்டு பெயர்தான்.

கடைசியாக, ஊரிடம் எங்களின் கோரிக்கைகள்:

1. வீட்டு அலுமாரியில் வாப்பாவின் பழைய கமரா, சவூதியிலிருந்து சாச்சா கொண்டுவந்த லென்ஸ் இருந்தால் இரும்புக்குப் போடாதீர்கள். பாவிக்க விருப்பமென்றால் எப்படி மாட்டுவது என்று நாங்கள் காட்டித் தருகிறோம், இலவசமாக. வேண்டாமென்றால் பக்கத்துப் பாடசாலைக்குக் கொடுங்கள்.

2. ஸ்டூடியோ மூடுகிறவர்கள், நெகட்டிவ் பெட்டியை எறியுமுன் ஒரு சொல் சொல்லுங்கள். படங்களை எடுத்துவிட்டுப் பெட்டியைத் திருப்பித் தருவோம். குடும்பத்தினர் அல்லாத யாருக்கும் எந்தப் படத்தையும் கொடுக்கமாட்டோம், முகநூலிலும் போடமாட்டோம்.

3. அதிபர்மாரே, ஊடகக் கழகத்துக்கு வாங்கிய கமராவை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். பிள்ளை கையில் பழுதானால் திருத்தலாம். பூட்டிய அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்தால் அதுவும் பழுதுதான், யாரும் எதையும் கற்றுக்கொள்ளாத பழுது.

4. கொமெண்ட் போடுகிற தம்பிமாரே, எங்களைப் பார்த்துச் சிரியுங்கள், பரவாயில்லை. பதினெட்டு வயதுப் பையன் 18-55 இல் எடுத்த படத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்பின் தவணையைக் கட்டுவது அவனுடைய உம்மா.

தறியில் இருக்கும் அந்த உம்மா தன் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். இதுவரை அவர் வீட்டில் அவருடைய படம் ஒன்றும் இருந்ததில்லையாம்.

மாற்றுக்கருத்து இருந்தால் எழுதுங்கள், மரியாதையோடு. பிழை இருந்தால் திருத்துங்கள், திருந்துவோம்.

வஸ்ஸலாம்.