சுபாங் விரிவாக்கம்: முடிவுக்கு முன்பே மதிப்பீடு வேண்டும்

கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்கு, செமினி வட்டாரக் குடியிருப்பாளர்கள் சிலர் கூடிப் பேசி இந்த வேண்டுகோளை எழுதுகிறோம். சுபாங் விமான நிலையத்தைப் புதுப்பித்து விரிவாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசாங்கம் 2023 பிப்ரவரியில் கொள்கை அளவில் இசைவு தந்தது. டர்போபிராப் விமானங்களே பயணிகளை ஏற்றிச் சென்ற அந்த நிலையத்துக்கு 2024 ஆகஸ்ட்டில் ஜெட் விமானங்கள் திரும்பின. 2030க்குள் ஆண்டுக்கு 80 லட்சம் பயணிகள் என்பது இலக்கு. இத்திட்டத்தை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. விரிவாக்கத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பாக, இரைச்சல், வடிகால், சாலை ஆகிய மூன்றையும் சேர்த்து அளந்த சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு பொதுமக்கள் பார்வைக்கு வரவேண்டும் என்கிறோம். அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு நம்முடையது.

நம் சட்டம் எதை அளக்கிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வந்த 1987 ஆணை, 2,500 மீட்டரோ அதற்கு மேலோ ஓடுபாதை கொண்ட விமான நிலையம் கட்டினால் மதிப்பீடு கட்டாயம் என்றது. அதற்குப் பதிலாக வந்த 2015 ஆணையிலும் ஓடுபாதையின் நீளமே முக்கிய அளவுகோல். சுபாங்கில் 3,700 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஓடுபாதை ஏற்கெனவே இருக்கிறது. அது நீள வேண்டிய தேவை இல்லை. மாறுவதெல்லாம் அதன்மேல் இறங்கும் விமானத்தின் வகை, எண்ணிக்கை, நேரம். அருகிலுள்ள கோத்தா டாமன்சாராவிலும் ஆரா டாமன்சாராவிலும் கூரைக்கு மேலே கேட்பது ஓடுபாதையின் நீளம் அல்ல. இரைச்சலை நாள் முழுவதுக்குமான சராசரியாக மட்டும் காட்டினாலும் உண்மை மறைந்துபோகும். இரவு பதினொன்றரைக்குத் தாழப் பறக்கும் ஒரு ஜெட், தூங்கும் குழந்தையை எழுப்பிவிடுகிறது. ஆனால் அந்த அரை நிமிடம் இருபத்துநான்கு மணி நேரச் சராசரியில் கரைந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டி, விமான இரைச்சலுக்கு நாள் முழுவதற்கும் 45 டெசிபல், இரவுக்கு 40 டெசிபல் என்று தனித்தனியாக வரம்பு சொன்னதற்குக் காரணம் உண்டு. இரவைத் தனியாக அளக்காத எந்த அறிக்கையையும் நாம் முழுமையானதாக ஏற்கக் கூடாது.

அடுத்தது தண்ணீர். சுபாங் விமான நிலையம் டாமன்சாரா ஆற்றின் வடிநிலப் பகுதியில் இருக்கிறது. அதே ஆறு 2006 பிப்ரவரி 26ஆம் தேதி கரைபுரண்டு, ஷா ஆலம் தாமான் டிடிடிஐ ஜெயா வீடுகளுக்குள் புகுந்தது. மழையை உறிஞ்சி வைத்த மண்ணைத் தாரும் கான்கிரீட்டும் மூட மூட, பெய்த நீர் ஒரே நேரத்தில் ஆற்றுக்கு ஓடிவருகிறது. விமானக் கொட்டகை, வாகன நிறுத்துமிடம், அணுகுசாலை என ஒவ்வொன்றும் சிறிய வேலையாகத் தோன்றலாம். கீழ்ப்பகுதியில் இருப்பவருக்கு எல்லாம் சேர்ந்துதான் வரும். நீரின் வழியை மறந்தால் விமான நிலையமும் தப்பாது: சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாறுமேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. 2015 டிசம்பரில் ஆறு பெருகியபோது, அந்த விமான நிலையத்தையே நாள்கணக்கில் மூட வேண்டியதாயிற்று.

செமினிக்காரர்கள் சுபாங்கைப் பற்றி ஏன் பேசுகிறார்கள் என்று கேட்கலாம். விமான நிலையத்தின் பாதிப்பு அதன் வேலிக்குள் நிற்பதில்லை என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. எங்கள் ஆறு போய்ச் சேரும் லங்காட் கரையில் இருக்கிறது டெங்கில். அங்கே புக்கிட் தம்போய் தெமுவான் பூர்வக்குடி மக்களின் 38 ஏக்கர் நிலம், சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கான நீலாய்–பந்திங் நெடுஞ்சாலைக்காக 1995இல் எடுக்கப்பட்டது. ஓடுபாதைக்காக அல்ல, சாலைக்காக. பயிருக்கும் வீட்டுக்கும் மட்டும் பணம் கொடுத்தார்கள், நிலத்துக்கு இல்லை. சாகோங் தாசி வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 2002இல் உயர்நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிலம் அவர்களுடையது என்றன. 2010இல்தான் 65 லட்சம் வெள்ளி இழப்பீட்டோடு வழக்கு முடிந்தது. முன்பே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காததற்கு ஆன காலம் பதினைந்து ஆண்டு. மதிப்பீடு மேம்பாட்டைத் தாமதப்படுத்தும் என்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

“விமான நிலையம் 1965 முதலே இருக்கிறது, தெரிந்துதானே வீடு வாங்கினீர்கள்?” என்பது வலுவான வாதம். ஆனால் 1998இல் அனைத்துலகச் சேவைகள் சிப்பாங்குக்குப் போன பிறகு, சுற்றியுள்ள வீடமைப்புகள் பலவற்றுக்கு ஊராட்சி மன்றங்களே அனுமதி கொடுத்தன. வாங்கியவர்கள் பார்த்தது அமைதியான சுபாங்கை. நிலைமை மாறும்போது அவர்களிடம் மீண்டும் கேட்பதே முறை. வேலைவாய்ப்பு பெருகும் என்பதையும் மறுக்கவில்லை. விமானப் பராமரிப்புத் தொழில் அங்கே வளர்வது நல்லது. இரவு விமானங்களுக்கு வரம்பு வைப்பது அதற்குத் தடையாகாது. இன்னொரு சந்தேகம் எங்களுக்கே உண்டு: திட்டக்காரர் நியமிக்கும் ஆலோசகர் எழுதும் அறிக்கை கண்துடைப்புதானே? அந்த ஆபத்து உண்மையானது. அதனால்தான் பொதுமக்கள் கருத்து அவசியம். 2020இல் சிலாங்கூரின் கோலலங்காட் உத்தாரா வனத்தின் காப்பகத் தகுதியை நீக்கும் முயற்சிக்கு எதிராக ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். அப்படியும் 2021இல் ஒரு பகுதியின் தகுதி நீக்கப்பட்டது. எதிர்ப்பு ஓயாததால் அதே ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூர் அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. எழுதி வைத்த ஆட்சேபங்கள் இல்லாமல் அந்த எதிர்ப்புக்குப் பிடிமானம் கிடைத்திருக்காது.

ஆகவே உங்களை வேண்டிக்கொள்வது இது. உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் மாநகர் மன்றத்திடமும் சுற்றுச்சூழல் துறையிடமும் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: இரவு விமானங்களுக்கு வரம்பு என்ன, டாமன்சாரா ஆற்றுக்குக் கூடுதலாக எவ்வளவு நீர் போகும், எந்தச் சாலைகள் அகலமாகும், யார் நிலத்தில்? உள்ளூர்த் திட்ட வரைவு காட்சிக்கு வரும்போது, 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டம் தரும் ஆட்சேப உரிமையைப் பயன்படுத்துங்கள். அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் சீனத்திலும் தரச் சொல்லுங்கள். மலாயில் கடிதம் எழுதத் தயங்குபவர்கள் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். மொழிபெயர்த்து உரிய இடத்தில் சேர்ப்பதை எங்கள் குழு ஏற்றுக்கொள்கிறது.