59 மார்க்கா, 95 மார்க்கா?

ஒரே படம். விமர்சகர்கள் தந்த எண் 59. டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள் தந்த எண் 95.

இந்த இரண்டு எண்களால் 2023 ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் ஒரு பெரிய சண்டையே மூண்டது. "சூப்பர் மேரியோ பிரதர்ஸ்" என்ற கார்ட்டூன் படத்தின் ரசிகர்கள், பத்திரிகை விமர்சகர்கள் மீது பாய்ந்தார்கள். இவர்களுக்குச் சிரிக்கவே தெரியாது என்று ஏசினார்கள். குழந்தைகள் படத்தைக் கிழவர்கள் பார்த்து மார்க்குப் போட்டால் இப்படித்தான் ஆகும் என்று கேலி செய்தார்கள்.

படம் வசூலில் சக்கைப் போடு போட்டுக் கொண்டிருந்த நேரம் அது. ஜெயித்தவர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

யார் இந்த மேரியோ?

மேரியோ, குழாய் ரிப்பேர் செய்யும் தொழிலாளி. அடர்ந்த மீசை, சிவப்புத் தொப்பி, குள்ள உருவம். 1981ல் ஜப்பானில், நின்டெண்டோ கம்பெனியின் வீடியோ விளையாட்டு ஒன்றில் பிறந்தவர். படைத்தவர் ஷிகேரு மியாமோட்டோ. அந்தக் கம்பெனி 1889ல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்து விற்கத் தொடங்கிய பழைய கம்பெனி.

1985ல் வந்த விளையாட்டுதான் மேரியோவை உலகம் முழுதும் கொண்டு போனது. அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேரியோவைக் குதிக்க வைத்து விளையாடிய பிள்ளைகளுக்கு, 2023ல் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அவர்கள் தங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தியேட்டருக்கு வந்தார்கள். இதை மறந்துவிட்டால் சண்டையின் காரணம் புரியாது.

1993ல் மேரியோ கதையை நடிகர்களை வைத்து ஒரு முறை படமாக்கினார்கள். படுதோல்வி! போட்ட பணம் திரும்பவில்லை. அன்று விமர்சகர்களும் திட்டினார்கள், ரசிகர்களும் திட்டினார்கள். அதனால் சண்டைக்கு இடமில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு 30 ஆண்டுகள் மேரியோ தியேட்டர் பக்கம் வரவில்லை.

படத்தில் என்ன குறை?

நியூயார்க்கில், புரூக்ளின் பகுதியில் மேரியோவும் அவர் தம்பி லூயிஜியும் குழாய் ரிப்பேர்த் தொழில் செய்கிறார்கள். ஒரு நாள் பாதாளக் குழாய் ஒன்று அவர்களை இழுத்துக்கொண்டு போய் வேறு உலகத்தில் போடுகிறது. தம்பி, பௌசர் என்ற ஆமை ராட்சதனிடம் சிக்கிக் கொள்கிறான். ராட்சதனுக்கோ இளவரசி பீச்சைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. அண்ணன் இளவரசியோடு சேர்ந்து தம்பியை மீட்கிறார். இவ்வளவுதான் கதை. ஒன்றரை மணி நேரத்தில் படம் முடிந்துவிடும்.

கதை மெலிந்தது, ஓட்டம் அவசரம், விளையாட்டில் பார்த்ததையே திரையிலும் அடுக்கியிருக்கிறார்கள் என்பது விமர்சகர்கள் சொன்ன குறை. பழைய பிரபல பாட்டுகளை நடுநடுவே செருகியதும் பலருக்குப் பிடிக்கவில்லை. வண்ணங்களையும், பௌசருக்குக் குரல் கொடுத்த ஜாக் பிளாக்கையும் பலர் பாராட்டவே செய்தார்கள்.

இந்தக் குறைகள் பொய்யல்ல. படத்தை ரசித்தவர்கள்கூட, கதை பிரமாதம் என்று வாதாடவில்லை. விளையாட்டில் பார்த்ததைத் திரையில் பெரிதாகப் பார்க்கத்தானே வந்தோம் என்றார்கள். விமர்சகருக்குக் குறையாகத் தெரிந்தது, ரசிகருக்குப் படத்தின் ருசியாகவே இருந்தது.

59 என்றால் என்ன?

சண்டையில் பாதி, ஓர் எண்ணைத் தவறாகப் படித்ததால் வந்தது.

அமெரிக்காவில் "ராட்டன் டொமேட்டோஸ்" என்று ஓர் இணையதளம் 1998 முதல் நடக்கிறது. "அழுகிய தக்காளிகள்" என்று அர்த்தம். மேடையில் மோசமாக நடித்தவன் மீது தக்காளி வீசிய பழைய வழக்கத்திலிருந்து வந்த பெயர். பல பத்திரிகைகளின் விமர்சனங்களைத் திரட்டி, படத்துக்கு ஒரே எண்ணைத் தருவது இதன் வேலை.

அந்த எண், பரீட்சையில் போடுகிற மார்க்கு அல்ல. எத்தனை விமர்சகர்கள் "பரவாயில்லை, பார்க்கலாம்" என்றார்கள் என்ற கணக்கு, அவ்வளவுதான்.

கல்யாணப் பந்தியில் 100 பேர் பாயசம் குடிக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். 59 பேர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். 41 பேர் சரியில்லை என்கிறார்கள். அந்தப் பாயசத்தின் எண் 59. இன்னொரு வீட்டுப் பாயசத்தை 95 பேர் "ஏதோ குடிக்கலாம்" என்று மட்டும் சொன்னால், அதன் எண் 95! எது சிறந்த பாயசம் என்று இந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

மேரியோ விஷயத்தில் இன்னொரு விபரீதமும் சேர்ந்துகொண்டது. எண் 60ஐத் தொட்டால் படத்துக்குப் பக்கத்தில் சிவந்த தக்காளிப் பழத்தின் படம் போடுவார்கள். 60க்குக் கீழே இறங்கினால், நசுங்கித் தெறித்த பச்சைத் தக்காளி! மேரியோவுக்குக் கிடைத்தது 59. ஒரே ஓர் எண் குறைந்ததால் நசுங்கிய தக்காளி விழுந்தது. பார்த்த விமர்சகர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தேறியது என்று சொன்ன படத்தை, எல்லோரும் தூக்கி எறிந்துவிட்டதாக ரசிகர்கள் நினைத்தார்கள்.

95 என்ற எண்ணையும் உரசிப் பார்க்க வேண்டும். அது டிக்கெட் வாங்கியவர்கள் தந்தது. மேரியோவைப் பிடிக்காதவர் எதற்காக வரிசையில் நின்று டிக்கெட் வாங்குகிறார்? விமர்சகருக்கோ அது வேலை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பார்த்தே தீர வேண்டும்.

கோபம் எங்கிருந்து வந்தது?

2021ல் இதே மேரியோவுக்குக் குரல் கொடுப்பவர் கிறிஸ் பிராட் என்று அறிவித்தபோது, கூச்சல் போட்டவர்கள் யார்? இதே ரசிகர்கள்தான்! விளையாட்டில் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவந்த சார்லஸ் மார்ட்டினே எங்கே என்று கேட்டார்கள். (அவருக்குப் படத்தில் சிறு பாத்திரங்களே கிடைத்தன.) அன்று விமர்சகரைவிடக் கடுமையாகப் பேசியவர்கள், 2023ல் படத்துக்குக் காவல் நின்றார்கள்.

வீட்டுப் பிள்ளையைத் தாய் ஆயிரம் திட்டுவாள். அடுத்த வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொன்னால் சும்மா இருப்பாளா?

ரசிகர்களுக்கு மேரியோ வெறும் படம் அல்ல. தம்பியோடு தரையில் உட்கார்ந்து விளையாடிய மாலை நேரம் அது. "கதையில் சரக்கில்லை" என்று விமர்சகர் எழுதினால், "உன் சிறுவயதில் சரக்கில்லை" என்று சொன்னதுபோல் சுருக்கென்று தைக்கிறது. விமர்சகர் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் தைக்கிறது.

இந்தக் கோபம் எல்லை மீறுவதும் உண்டு. 2012ல் "டார்க் நைட் ரைசஸ்" என்ற பேட்மேன் படம் வந்தபோது, அதைக் குறை சொன்ன விமர்சகர்களைக் கொன்றுவிடுவதாகக்கூட ரசிகர்கள் மிரட்டினார்கள். அந்தப் படம் அப்போது வெளியாகவே இல்லை! மிரட்டியவர்கள் படத்தைப் பார்த்திருக்க வழியில்லை. ராட்டன் டொமேட்டோஸ், அந்தப் படத்துக்கு வாசகர்கள் கருத்து எழுதுவதையே நிறுத்தி வைக்க நேர்ந்தது.

மேரியோ சண்டையில் விமர்சகர்களுக்குக் கார்ட்டூன் என்றாலே இளப்பம் என்று ஒரு வாதம் எழுந்தது. இது நிற்காது. அதே 2023ல், இரண்டே மாதம் கழித்து வந்த "ஸ்பைடர்மேன்" கார்ட்டூன் படத்தை அதே விமர்சகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள்.

"குழந்தைகள் படம்தானே, விட்டுவிடக்கூடாதா?" என்ற வாதம் அதைவிட மோசம். குழந்தைக்குத் தரும் பண்டம் என்றால் புளித்திருந்தாலும் பரவாயில்லையா? குழந்தைகளுக்கு நல்ல கதை கேட்கும் விமர்சகர், குழந்தைகளுக்கு எதிரி ஆகமாட்டார்.

வசூல் சொன்ன கணக்கு

அமெரிக்காவில் மட்டும் முதல் 5 நாளில் 20 கோடி டாலருக்கு மேல் குவிந்தது. உலகம் முழுவதும் மொத்த வசூல் 136 கோடி டாலர். அந்த ஆண்டின் மதிப்பில் 11,000 கோடி ரூபாய்க்கு மேல்! படம் எடுக்கச் செலவு சுமார் 10 கோடி டாலர். வீடியோ விளையாட்டிலிருந்து எடுத்த படங்களில் 100 கோடி டாலரைத் தாண்டிய முதல் படம் இதுதான். 2023ல் உலகில் அதிகம் வசூலித்த படங்களில் "பார்பி"க்கு அடுத்த இடம்.

ஆனால் 2024 ஆஸ்கார் பரிசுக்கான கார்ட்டூன் படங்களின் பட்டியலில் மேரியோ இல்லை. பரிசைத் தட்டிச் சென்றது ஜப்பானின் முதிய கலைஞர் ஹயாவோ மியாசாகியின் "பையனும் கொக்கும்" என்ற படம்.

மேரியோவைப் பெற்றெடுத்த மியாமோட்டோ என்ன சொன்னார்? அவருக்குக் கோபமே வரவில்லை. வெளிநாட்டு விமர்சகர்கள் குறைத்து மதிப்பிட்டதும் படத்தைப் பற்றி ஊரெல்லாம் பேச ஒரு காரணமாயிற்று என்று அவர் 2023ல் சொன்னார்.