பத்து ரூபாய்க் கருணை

ஒரு கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன் என்று மேடைதோறும் முழங்கிக் கைதட்டல் வாங்குகிறோம். இன்று ஒரு கன்றைத் துன்புறுத்தி முதன்முறை பிடிபடுவோர்க்குச் சட்டம் விதித்த அபராதம் எவ்வளவு தெரியுமா? குறைந்தது 10 ரூபாய். மிகுந்தால் 50 ரூபாய்! 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம் குறித்த தொகை அது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அது அசையவில்லை. உயர்த்துவதற்கான வரைவு ஒன்று 2022-இல்தான் வெளியானது. நாட்டியத்தால் நாம் அறிந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடி வித்திட்ட சட்டம் இது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வித்து நல்ல வித்துதான். நீர் ஊற்றத்தான் ஆளில்லை.

ஆனால் சட்டத்தைக் குறை கூறுவது எளிது. கருணைக்கு ஆகும் செலவை யார் தருவது என்பதே என் கேள்வி. தளிக்கு அருகே நண்பரின் உறவினர் பண்ணைக்குச் சென்றபோதுதான் இக்கேள்வி எனக்கு உறைத்தது.

பண்ணை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். கேழ்வரகும் அவரையும் கொள்ளும் விளைகின்றன. நான்கு பசுக்கள், ஒரு சோடி ஹள்ளிக்கார் காளைகள், சில ஆடுகள், எண்ணி முடியாத நாட்டுக் கோழிகள். எல்லாவற்றையும் கட்டி ஆள்பவர் ஒரு பாட்டி. மருமகளிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ், மாடுகளிடம் மட்டும் கன்னடம்! ஏன் பாட்டி என்று கேட்டால், "அதுங்களுக்குத் தமிழ் வராது தம்பி" என்கிறார்.

கறவை நேரத்தில் முதலில் கன்றை அவிழ்த்து விட்டார். மடி சுரந்தபின் மூன்று காம்புகளில் மட்டும் கறந்துவிட்டு, நான்காவதைத் தொடவே இல்லை. அது கன்றின் பங்காம். கன்று இறந்தால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாயின் முன் நிறுத்திக் கறப்பதும், ஊசி போட்டுச் சுரக்க வைப்பதும் உலகில் உண்டு. உடல்நலத்தைக் கெடுக்கும் அத்தகைய ஊசியை அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு தடுக்கிறது. பாட்டி அந்தப் பிரிவைப் படித்தவர் அல்லர்.

அடுத்துப் பால் சங்கத்துக்குப் போனோம். அங்குள்ள கருவி பாலின் கொழுப்பைக் காட்டியது. கொழுப்பற்ற திடப்பொருளைக் காட்டியது. அதற்கேற்ற விலையும் கிடைத்தது. கன்று வயிறாரக் குடித்ததா என்பதை அது காட்டவில்லை. ஊசி போட்டவர் பாலுக்கும் அதே விலைதான். ஆக, அந்த நான்காவது காம்பின் பால் பாட்டியின் சொந்தச் செலவு.

1965-இல் இங்கிலாந்தில் பிராம்பெல் குழு, எழவும் படுக்கவும் திரும்பவும் உடலைத் தூய்மை செய்யவும் கைகால் நீட்டவும் பண்ணை விலங்குக்கு இடம் வேண்டும் என்றது. இடத்துக்கு நாம் எங்கே போவது? சிப்காட் வந்தது, 1980-களில் லாரியும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் ஓசூரில் எழுந்தன. அவை வேண்டாம் என்று கூறும் துணிவு எனக்கில்லை. நம் தோழர் பலர் வீட்டில் அடுப்பெரிவது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் மேய்ச்சல் தரை மனைப்பிரிவாகிறது. மேய்க்க வேண்டிய பேரன் இரவு ஷிப்டுக்குப் போகிறான். மத்திகிரியில் 1824-இல் தொடங்கிய அரசுக் கால்நடைப் பண்ணைக்கு நிலம் இருக்கிறது. பாட்டியின் மாடுகளுக்கு ஏரிக்கரை மட்டுமே மிச்சம்.

ஜெர்சிக் கலப்பில் காளைக்கன்று பிறந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பாட்டியின் முகம் மாறியது. "சந்தைக்குப் போவுது தம்பி. அதுக்கு மேல கேக்காதே" என்றார். அதற்குத் திமில் இல்லை, நுகத்தடி நில்லாது; வெயிலும் தாங்காது; உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. குந்தாரப்பள்ளியின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் லாரி ஏறும் விலங்குகளைப் பார்த்தவர்க்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. ஹள்ளிக்கார் காளைக்கன்றோ விலை போகிறது. காரணம் எருது விடும் விழா. காளை விளையாட்டுகளை 2014-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2017-இல் தமிழகம் சட்டத்தைத் திருத்தியது. 2023-இல் அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பானது. கூட்டத்தின் நடுவே மிரண்டோடும் எருதைக் காண எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆயினும் விழாவை வெறுப்போர், அக்கன்று வளர வேறு எந்த வழியை வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டாமா?

கோழியின் கதை இன்னும் சிக்கலானது. கூண்டில் ஒரு முட்டைக்கோழிக்கு இங்கே வழக்கமாகக் கிடைப்பது ஏறத்தாழ 450 சதுர சென்டிமீட்டர். நாம் எழுதும் ஏ-4 தாளே 620-க்கு மேல். ஐரோப்பிய ஒன்றியம் அத்தகைய வெறுங்கூண்டுகளை 2012 முதல் விலக்கிவிட்டது. நாமும் நாளையே விலக்குவோம் என்று வீரம் பேசலாம். ஆனால் சத்துணவில் நம் தம்பி தங்கையர் தட்டில் விழுவது அந்த மலிவான முட்டை அல்லவா? அதன் விலையை ஏற்றச் சொல்ல எனக்கு நாவெழவில்லை. முதலில் கொடுக்க வேண்டியவர் கொடுக்கக் கூடியவரே.

நம்மால் கொடுக்க முடியும் என்பது என் கட்சி. பாட்டியைப் போலக் கன்றுக்குப் பங்கு வைப்பவர்கள் இந்தக் கல்லூரியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கிறார்கள். நம் உணவகம் அவர்களிடம் நேரே பால் வாங்கி, லிட்டருக்கு 5 ரூபாய் கூட்டித் தரட்டும். ஒரு தேநீருக்கு நூறு மில்லி பால் என்று கொண்டாலும் ஏறுவது அரை ரூபாய். இதைக் கோரிக்கையாக எழுதி முதல்வரிடம் தர இருக்கிறேன். கையெழுத்திட விரும்பும் மாணவர்களும், தேநீர் அருந்தும் பேராசிரியப் பெருமக்களும் நூலகத்தில் என்னைச் சந்திக்கலாம்.