அவதானியின் பெயரால்

கணிப்பொறியின் முன் அமர்ந்து ஒரே நேரத்தில் நான்கு வேலை பார்ப்பவரைப் பாராட்ட நம்மிடையே ஓர் உவமை புழங்கிவருகிறது: 'நவீன அவதானி'. கட்டுரை எழுதியபடியே மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பி, நடுநடுவே வாட்ஸ்அப்பையும் எட்டிப் பார்க்கும் நமக்கு நாமே சூட்டிக்கொள்ளும் பட்டம் இது. இதை நாம் மறுக்கிறோம்.

முதலில், 'மல்டிடாஸ்கிங்' மனிதரைக் குறிக்கப் பிறந்த சொல்லன்று. 1960களின் நடுவில் ஐபிஎம் கணிப்பொறிகளையொட்டிப் புழக்கத்துக்கு வந்த கலைச்சொல் அது. ஒற்றைச் செயலி கொண்ட இயந்திரமும் ஒரு கணத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். வேலைகளுக்கிடையே அதிவேகமாகத் தாவும், அவ்வளவே. ஆனால் தாவுமுன் விட்ட இடத்தைப் பிழையின்றிக் குறித்துவைக்கும். நம் மனத்துக்கு அந்த வசதி இல்லை. பாதியில் விட்ட வேலையின் எச்சம் அடுத்த வேலையிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதை சோஃபி லெராய் 2009இல் தம் ஆய்வில் காட்டினார். திரையில் ஒன்றின்மீது நம் பார்வை நிலைக்கும் நேரம் 2004இல் சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்து, பின்னர் ஏறத்தாழ 47 நொடியாகச் சுருங்கிவிட்டது என்கிறார், இதைப் பல்லாண்டுகளாக அளந்துவரும் குளோரியா மார்க்.

இனி அவதானிக்கு வருவோம். 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் நிகழ்த்தினார் செய்குத்தம்பிப் பாவலர். அவதான அரங்கில் ஒருவர் ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குக் கேட்பார். எங்கோ ஒலிக்கும் மணியையும் எண்ணிவர வேண்டும். குறுக்கீடுகள்தாம் அங்கே பணி. கேட்ட ஒவ்வொன்றையும் நினைவில் நிறுத்தி, இறுதியில் ஒன்றுவிடாமல் விடையளித்தாக வேண்டும். நாமோ எதையும் நிறுத்திவைப்பதில்லை, விட்டுவிட்டுப் போகிறோம். அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்றுதானே பொருள்? கவனக்கலையின் பெயரைக் கவனச்சிதறலுக்கு இரவல் கொடுப்பது தகுமா?

பிழைப்பின் பொருட்டு அலுவலக அழைப்புகளுக்குக் கட்டுப்பட்டவரை நாம் குறைகூறவில்லை. யாரும் வற்புறுத்தாத இரவிலும், நாவலின் நாற்பதாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு திரையைத் தடவுகிறோமே, அதுவே நம் குற்றச்சாட்டு. அவ்வாறு படித்த நூலுக்கு மறுநாள் விமர்சனமும் எழுதிவிடுகிறோம். ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் கோத்த இழையை நாம் அறுத்து அறுத்துப் படித்துவிட்டு, 'நாவலில் ஒருமை கைகூடவில்லை' என்று தீர்ப்பும் வழங்குகிறோம். கைகூடாதது எவரிடத்தில்? பழி மட்டும் நூலின்மீது விழுகிறது.

இலக்கிய வாசகர் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு ஒரு கடமையேனும் உண்டு. அரைக்கவனத்தில் படித்த நூலைப் பற்றித் தீர்ப்பெழுதாதிருப்போம். எழுதத்தான் வேண்டுமெனில், கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, முதற்பக்கத்திலிருந்து மீண்டும் படிப்போம்.