சோதனைக்கும் கூலி கொடுக்கப் பழகுவோம்

வியாபாரிகளாகிய நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கையில் ஒரு பொருள் வந்தால்தான் காசு கொடுப்போம். ஒருவர் நமக்காக ஒரு மணித்தியாலம் செலவழித்துச் சோதித்துப் பார்த்தார் என்றால், அதற்குக் கூலி கொடுக்க நமக்கு மனம் வராது. இந்தப் பழக்கத்தால் 2023இல் எனக்கு ஏற்பட்ட நட்டத்தை எழுதினால், என்னைப் போல் பழைய கார் ஓட்டும் நாலு பேருக்காவது பிரயோசனப்படும் என்று நினைக்கிறேன்.

மாவனல்லையில் எனக்கு ஒரு புடவைக் கடை. சாமான் எடுக்க வாரம் ஒரு முறையாவது புறக்கோட்டைக்குப் போக வேண்டும். இடையில் கண்டிக்கும் ஓட்டம் இருக்கும். இதற்கெல்லாம் என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121. அதைக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுக்கலாம் என்று நினைத்திருந்த நேரத்தில், 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பின்னரும், வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் நம்மில் பலருக்குப் பழைய வாகனமே போதும் என்றாகிவிடுகிறது. ஆகவே பழைய காரைப் பராமரிப்பது இன்று ஒரு வியாபாரச் செலவு. அதையும் கணக்குப் பார்த்தே செய்ய வேண்டும்.

ஒரு நாள் கடுகண்ணாவை ஏற்றத்தில் கார் இழுக்காமல் திணறியது. நின்ற இடத்தில் எஞ்சின் நடுங்கியது. டாஷ்போர்டில் எஞ்சின் லைட் எரிந்தது. வழமையாகப் போகும் கராஜில் ஸ்கேனரை மாட்டினார்கள். இரண்டே நிமிடம். பி 0171 என்று ஒரு கோட் வந்தது. "நானா, ஒட்சிசன் சென்சர் போயிட்டு, மாத்தணும்" என்றார் மெக்கானிக். நானும் மறுபேச்சுப் பேசாமல் 14,000 ரூபாவுக்கு ஒரு கடையில் வாங்கிக் கொடுத்தேன். லைட் அணைந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் எரிந்தது. அடுத்து, உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சர் என்றார்கள். அது 18,000 ரூபா. அதை மாற்றியும் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. போதாக்குறைக்கு லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடிய கார் 8க்கு இறங்கிவிட்டது.

இந்தக் கோட் என்ன சொல்கிறது என்று அப்போது நான் கேட்கவில்லை. பி 0171 என்றால் எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெற்றோல் குறைவு என்று பொருள். அதைத் தவிர வேறொன்றும் இல்லை. எந்தப் பாகம் பழுது என்று அது சொல்வதில்லை. காற்றுக் குழாயில் வெடிப்பு இருக்கலாம். காற்றளவு சென்சரில் தூசு படிந்திருக்கலாம். பெற்றோல் பம்ப் பலவீனமாகியிருக்கலாம். ஒட்சிசன் சென்சர் பெரும்பாலும் செய்தி சொல்பவன் மட்டுமே. உண்மையைச் சொன்னவனைத்தான் நான் முதலில் கழற்றி எறிந்தேன்.

பின்னர் ஒரு நண்பர் சொல்லி வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். "பார்க்கிறதுக்கு மட்டும் 5,000 ரூபா" என்றார் அவர். என்ன கொள்ளை என்று மனதில் நினைத்துக்கொண்டுதான் சம்மதித்தேன். அவர் கோட்டை மட்டும் வாசிக்கவில்லை. எஞ்சின் ஓடும்போதே சென்சர்கள் அனுப்பும் அளவுகளைத் திரையில் பார்த்தார். நின்ற இடத்தில் ஓடும்போது கொம்பியூட்டர் வழமைக்கு மேல் 20 வீதத்துக்கும் அதிகமாகப் பெற்றோல் சேர்த்துக்கொண்டிருந்தது. எஞ்சின் வேகத்தைக் கூட்டியதும் அந்த அளவு இறங்கியது. "இப்படி இறங்கினால் எங்கேயோ காற்று இழுக்கிறது. பம்போ காற்றளவு சென்சரோ காரணமென்றால் வேகம் கூடக் கூட அதிகரிக்கும்" என்றார். தேடிப் பார்த்ததில் எயார் பில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் றப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு. குழாயின் விலை 3,500 ரூபா.

அதோடு முடியவில்லை. நான் புதிதாகப் போட்ட ஒட்சிசன் சென்சரையும் பார்த்தார். நல்ல சென்சரின் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையில் வேகமாக ஏறி இறங்க வேண்டும். என்னுடையது கீழேயே சோம்பிக் கிடந்தது. போலிச் சாமான். பெற்றோல் போதாது என்று அது பொய் சொல்ல, கொம்பியூட்டர் அதை நம்பி மேலும் மேலும் பெற்றோலை ஊற்றியிருக்கிறது. நல்ல வேளையாகக் கழற்றிய பழைய சென்சர்களைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அவற்றைத் துப்புரவு செய்து மீண்டும் பூட்டினார். கார் பழையபடி 11க்கு வந்தது.

மாதம் 1,200 கிலோமீற்றர் ஓடும் எனக்கு 11க்கும் 8க்கும் இடையில் 41 லீற்றர் வித்தியாசம். லீற்றர் 300 ரூபா என்று குறைத்துப் பார்த்தாலும் மாதம் 12,000 ரூபாவுக்கு மேல். பாகங்களுக்குப் போன 32,000 வேறு. கொடுக்கத் தயங்கிய கூலியோ வெறும் 5,000.

முதல் மெக்கானிக்கை நான் முழுதாகக் குறை சொல்லமாட்டேன். பாகம் மாற்றினால்தான் நாம் காசு கொடுக்கிறோம். அதனால் அவர் பாகம் மாற்றுகிறார். அரை நாள் இருந்து சோதித்து, "சென்சர் நல்லாயிருக்கு, வயரின் பிளக் மட்டும் லூஸ்" என்று சொன்னால், சும்மா பார்த்ததற்கு என்ன காசு என்று கேட்பவர்கள் நாம்தான். இந்த முறையை உண்டாக்கியதில் நமக்கும் பங்குண்டு.

ஆகவே கராஜுக்குப் போகும்போது சிலவற்றைக் கேட்டுப் பழகுவோம். கோட் இலக்கத்தை எழுதி வாங்குங்கள். அது பழுதான பாகத்தையா, ஒரு அறிகுறியையா சொல்கிறது என்று கேளுங்கள். பி 0135 என்று வந்தால் ஒட்சிசன் சென்சரைச் சூடாக்கும் மின்சுற்றில் கோளாறு. உள்ளே இழை அறுந்திருக்கிறதா என்பதை மீற்றர் வைத்தே பார்த்துவிடலாம். எஞ்சின் சூட்டை அறியும் தண்ணீர் சென்சரும் அப்படியே. கொரோலா போன்ற கார்களில் 20 பாகை வெப்பத்தில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 0.2 முதல் 0.4 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும். அது கெட்டுப்போய் எஞ்சின் எப்போதும் குளிராக இருப்பதாகச் சொன்னால் பெற்றோல் வீணாகும். காற்றளவு சென்சரை மாற்றுவதற்கு முன் அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் மெல்லிய கம்பியைத் துணியால் துடைக்க விடவேண்டாம். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

உதிரிப்பாக வியாபாரத்தில் இருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பஞ்சிகாவத்தையிலும் வெளியூர்களிலும் இத்துறையில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். மின்சாரப் பாகங்களைத் திருப்பி எடுப்பதில்லை என்ற உங்கள் விதியின் காரணம் எனக்கு விளங்குகிறது. ஆனால் கொடுப்பது கம்பனிச் சாமானா, ஜப்பானில் கழற்றிய பழையதா, கொப்பியா என்பதை பில்லில் எழுதிக் கொடுப்பதில் என்ன நட்டம்? மூன்றுக்கும் வாங்குவோர் இருக்கிறார்கள். தெரிந்து வாங்கியவன் மறுபடியும் அதே கடைக்கு வருவான். ஏமாந்தவன் வரமாட்டான்.

நானும் கடை நடத்துபவன் என்பதால் சொல்கிறேன். கொடுக்கும்போது வலித்த அந்த 5,000 ரூபாதான், காருக்காக நான் செய்த செலவுகளிலேயே வீண் போகாத செலவு.